இருநூற்று நாற்பது கிளைகள்: படிகங்களை நியூட்ரானால் அளப்பதில் பிரிதிறன் பற்றி

ஏற்காட்டு மலைகளில் வாழவந்திப் பக்கம் சாலைக்காக வெட்டிய பாறையில் ஒரு சில்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளித்தோல் பழுப்பாக இருக்கும். உள்ளே எண்ணெய் தடவியது போன்ற கருஞ்சாம்பல் நிறம். சேர்வராயன் மலைத்தொகுதியின் பெரும்பகுதி இந்தக் கல்தான்; சார்னோக்கைட் என்பது அதன் பெயர். கொல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்டு 1893இல் இப்பெயரைச் சூட்டினார். கல்லறை வங்காளத்தில், கல் போனது சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து.

அந்தச் சில்லுக்குள் பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். மக்னீசியமும் இரும்பும் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கும் சிலிகேட் அது. மலையடிவாரத்திலோ கதை வேறு. சேலத்துக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அங்கே டியூனைட் என்ற பாறை. அதன் முக்கியக் கனிமம் ஆலிவின். அந்த ஆலிவின் சிதைந்த இடங்களில்தான் மக்னசைட் வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது. மேலே ஹைப்பர்ஸ்தீன், கீழே ஆலிவின், இரண்டுக்கும் பொதுவாக மக்னீசியம். நியூட்ரான் சிதறல் ஆய்வில் பிரிதிறன் என்ற கேள்வி இந்தியாவில் வளர்ந்த விதத்தைச் சொல்ல, இந்த மூன்றைவிடப் பொருத்தமான படிகள் எனக்குக் கிடைக்கவில்லை. மும்பை டிராம்பே அணு ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதே வரிசையில்தான், கீழிருந்து மேலாக, ஏறினார்கள்: முதலில் மக்னீசிய உலோகம், பிறகு ஆலிவின் குடும்பத்து ஃபார்ஸ்டரைட், பிறகு ஹைப்பர்ஸ்தீனின் இரும்பில்லா உடன்பிறப்பான என்ஸ்டடைட்.

முதலில் நியூட்ரான் எதற்கு என்பதைச் சொல்லிவிடலாம். அணுஉலையில் பிளவில் பிறக்கும் நியூட்ரான் அதிவேகமானது. கனநீரிலோ சாதாரண நீரிலோ மோதி மோதித் தணிந்து அறை வெப்பத்துக்கு வரும்போது அதன் வேகம் வினாடிக்கு சுமார் 2200 மீட்டர், அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அலைநீளம் அணுக்களுக்கிடையிலான தூரத்தோடு ஒத்துப்போகிறது. ஆற்றல் படிகத்தில் அணுக்கள் அதிரும் ஆற்றலோடு ஒத்துப்போகிறது. எக்ஸ் கதிருக்கு முதல் பொருத்தம் மட்டும்தான் உண்டு. அதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிரின் ஆற்றல் கிலோ எலக்ட்ரான்வோல்ட் கணக்கு. அதில் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் குறைந்ததா கூடியதா என்று பார்ப்பது லாரிச் சுமையோடு சேர்த்து ஒரு மிளகை நிறுப்பது போல. நியூட்ரானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. படிகத்தின் அதிர்வு ஒன்றை, அதாவது ஒரு ஃபோனானை, எழுப்பிவிட்டு வந்தால் அதன் ஆற்றலில் கால்பங்கோ அரைப்பங்கோ காணாமல் போயிருக்கும்.

அணு எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலும் நியூட்ரானுக்கு ஒரு தனி யோக்கியதை உண்டு. அலுமினியத்துக்கு 13 எலக்ட்ரான், சிலிக்கானுக்கு 14. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நியூட்ரான் பார்ப்பது கருவை. கரு எவ்வளவு பலமாகச் சிதறடிக்கும் என்பதைச் சொல்லும் சிதறல் நீளம் அலுமினியத்துக்கு 3.45 ஃபெர்மி, சிலிக்கானுக்கு 4.15, ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். பெல்ட்ஸ்பாரில் எந்த இருக்கையில் எது உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க இது போதும். ஹைட்ரஜன் எக்ஸ் கதிருக்குப் பெரும்பாலும் நிழல். நியூட்ரானுக்கு எதிர்க்குறிச் சிதறல் நீளத்தோடு பளிச்சென்று தெரியும் அணு. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரமும் அவர் குழுவினரும் டிராம்பேயில் ஹைட்ரஜன் பிணைப்புகளையும் அமினோ அமிலப் படிகங்களையும் ஆராய்ந்தது இந்தப் பலத்தில்தான். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்காக மட்டும் சிதம்பரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த ஆய்வுகளைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரிதிறன் என்று இரண்டு பொருளில் சொல்கிறோம். ஒன்று, அணுக்களின் படம் எவ்வளவு நுணுக்கம் என்பது. இதில் நியூட்ரானுக்கு இயற்கையே துணை. கரு மிகச் சிறியது என்பதால் பெரிய கோணங்களிலும் சிதறல் மங்குவதில்லை. மற்றது, கருவி கோணத்தையும் ஆற்றலையும் எவ்வளவு கூர்மையாகப் பிரித்துச் சொல்கிறது என்பது. தலைவலியெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

காரணம் நியூட்ரான் வறுமை. டிராம்பேயின் துருவா அணுஉலையின் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு வினாடிக்கு 1.8×10^14 நியூட்ரான் பாய்கிறது. ஒரு துளை வழியே வெளியே எடுத்து, ஒரே அலைநீளம் உள்ளவற்றைப் பொறுக்கி, திசையை ஒழுங்குபடுத்திப் படிகத்தின் மேல் விடும்போது அது பத்து லட்சம் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலும் ஃபோனானோடு உறவாடுவது மிகச் சிலதான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. காந்தத்தாலோ மின்புலத்தாலோ பிடித்து இழுத்து ஓரிடத்தில் கூட்ட முடியாது. வேண்டாததைத் தூக்கி எறிவது ஒன்றே பழைய வழி. காப்பிக்கொட்டையைத் தரம் பிரிக்கும் சல்லடையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே அளவுக் கொட்டை வேண்டும் என்று கண்ணை நெருக்க நெருக்கக் கீழே விழும் குவியல் சிறுத்துக்கொண்டே போகும். பிரிதிறனை விலைக்குத்தான் வாங்க வேண்டும், பணம் நியூட்ரான்.

அந்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியூட்ரான் கற்றையை இணையாக்க சாலர் காலிமேட்டர் என்ற தகட்டு அடுக்கை வைப்பார்கள். நியூட்ரானை விழுங்கும் காட்மியமோ கடோலினியமோ பூசிய மெல்லிய தகடுகள், 2 மில்லிமீட்டர் இடைவெளி, அரை மீட்டர் நீளம் என்றால், 4 மில்லிரேடியனுக்கு மேல் சாய்ந்து வரும் நியூட்ரான் தகட்டில் மோதிச் சாகும். கோணக் கணக்கில் இது சுமார் 14 நிமிடம். ஃபோனான்களை அளக்கும் மூவச்சு நிறமாலைமானியில் இப்படி நான்கு இடம் உண்டு: உலைக்கும் ஒரே அலைநீளத்தைப் பொறுக்கும் ஒற்றையலைப் படிகத்துக்கும் இடையில், அதற்கும் மாதிரிக்கும் இடையில், மாதிரிக்கும் பகுப்புப் படிகத்துக்கும் இடையில், கடைசியாக டிடெக்டர் முன்னால். நான்கையும் பாதியாக்கினால் கவுண்ட் பதினாறில் ஒரு பங்கு வரைக்கும் விழலாம். ஒரு மணி நேர வேலை பதினாறு மணி நேரமாகும். பீம் டைம், அதாவது கற்றை கிடைக்கும் நேரம், நாள் கணக்கில் கெஞ்சி வாங்குவது என்பதால், இந்தப் பேரம் நிஜமான பேரம்.

மூவச்சு நிறமாலைமானியைக் கனடாவின் சாக் ரிவரில் உருவாக்கியவர் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ். 1994இல் கிளிஃபோர்ட் ஷல்லோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஐம்பதுகளின் நடுவில் டிராம்பேயிலிருந்து அவரிடம் போய்ச் சேர்ந்த இளைஞர் பி.கே. ஐயங்கார். இருவரும் சேர்ந்து ஜெர்மானியப் படிகத்தின் அதிர்வுகளை அளந்து 1958இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்ககாலத் தூண்களில் ஒன்று. ஐயங்கார் திரும்பி வந்தபோது டிராம்பேயில் அப்சரா ஓடிக்கொண்டிருந்தது. 1956 ஆகஸ்ட் 4இல் இயங்கத் தொடங்கிய சிறிய நீச்சல்குள உலை. 1960 ஜூலையில் 40 மெகாவாட் சைரஸ் வந்தது. சாக் ரிவர் உலையைவிட நியூட்ரான் குறைவு. கருவிகளை இங்கேயே, டிராம்பே பட்டறைகளில் செய்தார்கள். அறுபதுகளில் இந்தியா, பிலிப்பைன்ஸ், சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் சேர்ந்த ஒரு திட்டத்தில், டிராம்பேயில் செய்த நிறமாலைமானி ஒன்று கப்பலேறிப் பிலிப்பைன்ஸுக்கே போயிற்று.

ஏழைக்கு வந்த யோசனைகளில் எனக்கு மிகப் பிடித்தது பெரிலியம் வடிகட்டி. படிகத்தின் அதிகபட்சத் தள இடைவெளியின் இரு மடங்கைவிட நீண்ட அலையை, அலைநீளத்தையும் தள இடைவெளியையும் திருப்பும் கோணத்தையும் இணைக்கும் பிராக் விதிப்படி, அந்தப் படிகத்தால் திருப்பவே முடியாது. அது நேராக ஊடுருவிப் போய்விடும். பெரிலியத்துக்கு அந்த எல்லை 3.96 ஆங்ஸ்ட்ராம், அதாவது 5.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அதற்கு மேற்பட்ட ஆற்றல் உள்ளவை பெரிலியத் துண்டுக்குள் சிதறி ஒழிந்துபோகும், கீழ்ப்பட்டவை தாண்டும். திரவ நைட்ரஜனில் குளிர வைத்தால் தாண்டுவது இன்னும் சுலபம். காலிமேட்டர் இல்லை, துல்லியக் கோணம் இல்லை. ஒரு பெரிய கட்டி, அவ்வளவுதான். குறை என்னவென்றால் சாளரம் பூஜ்யத்திலிருந்து 5.2 வரை அகன்று கிடக்கிறது. பெரிலியம் ஆக்சைடின் எல்லை 3.7. ஒரு முறை பெரிலியம் வைத்து அளந்து, இன்னொரு முறை ஆக்சைடு வைத்து அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது 3.7க்கும் 5.2க்கும் இடைப்பட்ட ஒன்றரை மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலச் சாளரம். டிராம்பே குழு இந்தச் சாளர முறையை நன்றாகவே கையாண்டது. இரண்டு மொண்ணைக் கத்திகளைச் சேர்த்து ஒரு கூர்க்கத்தி. கழித்தலில் புள்ளியியல் பிழை கூடிப்போகும் என்பது உண்மை; ஆனாலும் அகன்ற கோணத்தில் நியூட்ரானை அள்ளிக்கொள்வதால் லாபம்தான்.

1964 டிசம்பரில் பம்பாயில் சர்வதேச அணுசக்தி முகமை நியூட்ரான் சிதறல் மாநாட்டை நடத்தியது. அதில் ஐயங்கார், ஜி. வெங்கடராமன், விஜயராகவன், ராய் ஆகியோர் மக்னீசியத்தின் அதிர்வுகளை முன்வைத்தார்கள். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைத் துண்டான அலகுக் கூட்டில் மக்னீசியத்துக்கு இரண்டே அணு. ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று திசை. ஆகவே ஆறு ஃபோனான் கிளைகள், அதாவது ஆறு அதிர்வு வகைகள். ஆறு கோடுகளைப் பிரித்துப் பார்க்க நடுத்தரக் கருவி போதும். வெங்கடராமன் பிறகு கல்பாக்கம் போனார். 1975இல் வெளிவந்த படிக இயக்கவியல் பாடநூல் ஒன்றின் மூன்று ஆசிரியர்களில் அவர் முதல்வர். அந்த நூலை உலகெங்கும் இத்துறை மாணவர்கள் புரட்டியிருக்கிறார்கள்.

அடிவாரத்து ஆலிவினுக்கு வருவோம். அதன் தூய மக்னீசிய வடிவமான ஃபார்ஸ்டரைட்டின் கூட்டில் 28 அணு. கிளைகள் 84. என்ஸ்டடைட் கூட்டில் 80 அணு, 240 கிளைகள். இவை அனைத்தும் ஏறத்தாழ 130 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. சராசரியாகப் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே அரை மில்லி எலக்ட்ரான்வோல்ட். வழக்கமான வெப்ப நியூட்ரான் மூவச்சுக் கருவியின் பிரிதிறனோ ஒன்றிலிருந்து சில மில்லி எலக்ட்ரான்வோல்ட். கிளைகள் தனித்தனியாகத் தெரிய வழியே இல்லை என்று தோன்றும். ஏற்காட்டு லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்தைப் பார்த்தால் ஐந்து ரோடு விளக்குகளை எண்ண முடிவதில்லை, ஒளித்திட்டாகத்தான் தெரியும், அது போல.

இதைத் தாண்ட உலகம் பிடித்த வழிகள் பல. அவற்றை நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

முதலாவது, சிதறிக்கிடக்கும் பிரிதிறனைச் சரியான பக்கம் சாய்ப்பது. கூப்பரும் நாதன்ஸும் 1967இல் காட்டினார்கள்: கருவியின் மங்கல் ஒரு உருண்டை அல்ல, ஆற்றல் ஒன்று, உந்தம் மூன்று என்ற நான்கு பரிமாணத்தில் நீண்டு சாய்ந்த ஒரு நீள்வட்டகம். ஃபோனான் கிளையின் சரிவும் அந்த நீள்வட்டகத்தின் நீண்ட அச்சும் இணையாக அமைந்தால் சிகரம் கூர்மையாக வரும். குறுக்கே அமைந்தால் அதே கருவி அதே படிகத்தில் பரந்த மேட்டைத் தரும். ஒரு நியூட்ரானைக்கூட எறியாமல் கிடைக்கும் கூர்மை இது. தூள் மாதிரிகளுக்கு இதே யோசனையை 1958இலேயே காக்லியோட்டி, பாவோலெட்டி, ரிச்சி மூவரும் ஒரு சூத்திரமாக்கினார்கள். சிகர அகலத்தின் வர்க்கம் கோணத்தின் டேஞ்சென்டில் ஓர் இருபடிச் சார்பு. ஒற்றையலைப் படிகம் கற்றையைத் திருப்பும் கோணத்தை ஒட்டி அகலம் மிகக் குறையும். பெரிய கோணத்தில் கூர்மை வேண்டுமென்றால் முதலிலேயே பெரிய கோணத்தில் திருப்பு என்பது அதன் பொருள். பிரான்ஸின் கிரெனோபிள் உலையில் உள்ள டி2பி கருவி 135 பாகையில் திருப்புவது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஒற்றையலைப் படிகத்தைப் பண்படுத்துவது. குறையே இல்லாத படிகம் நல்லது என்று நினைப்போம். இங்கே அது கஞ்சன். சில வினாடிக் கோணத்துக்குள் வருவதை மட்டுமே திருப்பும், மற்ற எல்லாம் வீண். கால் பாகை, அரைப் பாகை அளவுக்கு உள்ளே கலைந்த மொசைக் படிகம்தான் இத்துறையின் வேலைக்காரன். ஜெர்மானியத்தைச் சூட்டில் அழுத்தி வேண்டுமென்றே கெடுப்பார்கள். இன்னொரு பாதை, சிலிக்கான் ஒற்றைப் படிகத்தை உடைக்காமல் வளைப்பது. வளைந்த தளத்தின் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் வேறு கோணம், கொஞ்சம் வேறு அலைநீளம். கோணமும் அலைநீளமும் கைகோத்து நடப்பதால் மாதிரியில் சிதறிய பின் கதிர்கள் டிடெக்டரில் மீண்டும் கூடுகின்றன. செறிவும் கூர்மையும் சேர்ந்தே கிடைக்கும் அபூர்வ இடம் இது. தேர்ந்த கோணப் பரப்புக்கு மட்டும். துருவாவில் யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு அமைத்த தூள் கருவி இந்த வகை, 1.48 ஆங்ஸ்ட்ராமில் வேலை செய்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதன் கதவு திறந்திருப்பது இன்னொரு நல்ல விஷயம். டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் தானே செய்துகொண்ட இடமறி டிடெக்டர்களும் இதே கணக்கில் சேரும்: ஒவ்வொரு கோணமாக நகர்ந்து அளந்த காலம் போய், ஒரே நேரத்தில் பல கோணங்கள். மிச்சமான நேரத்தைக் கூர்மைக்குச் செலவழிக்கலாம்.

பூரணப் படிகத்தின் கஞ்சத்தனத்தையே பலமாக்கியவர்களும் டிராம்பேயில் இருந்தார்கள். அபூர்வா வாக், சோஹ்ராப் அப்பாஸ் இருவரும் பெர்லினின் வோல்ஃப்காங் ட்ரைமரோடு சேர்ந்து, சிலிக்கான் பட்டகத்தைப் பிராக் நிலைக்கு வெகு அருகில் வைத்து 5.26 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான்களை 0.58 வினாடிக் கோணத்துக்கு இணையாக்கினார்கள். ஒரு பாகையை 3600ஆகப் பிரித்து அதில் ஒன்றின் பாதியை எடுத்தால் கிட்டத்தட்ட அது. அதனால் 150 மைக்ரோமீட்டர் வரையுள்ள திரள்களை நியூட்ரான் சிதறலால் அளக்க முடிந்தது.

ஆற்றலில் கூர்மை வேண்டுவோருக்கு இரண்டு அழகான தந்திரங்கள். பிராக் விதியை வகையிட்டால், அலைநீளப் பிழை கோணப் பிழையைக் கோடேன்ஜென்டால் பெருக்கியது என்று வரும். 90 பாகையில் கோடேன்ஜென்ட் பூஜ்யம். ஆகவே கதிரை வந்த வழியே திருப்பி அனுப்பினால் கோணச் சிதறல் தண்டனை இல்லாமல் மன்னிக்கப்படுகிறது. சிலிக்கானின் 111 தளத்தில் 6.27 ஆங்ஸ்ட்ராமில் இப்படிச் செய்து மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே போகிறார்கள். மற்றது 1972இல் ஃபெரெங்க் மெசெய் கண்ட சுழல் எதிரொலி. ஒவ்வொரு நியூட்ரானின் சுழற்சியையும் அதன் சொந்தக் கடிகாரமாக்கி, மாதிரிக்கு முன் காந்தப்புலத்தில் ஒரு திசையிலும் பின் எதிர்த்திசையிலும் சுழல விடுகிறார். ஆற்றல் மாறாவிட்டால் வேகமான நியூட்ரானும் மெதுவான நியூட்ரானும் கிளம்பிய இடத்துக்கே முள்ளைக் கொண்டுவந்து நிறுத்தும். முள் நகர்ந்திருந்தால் அந்த நகர்வே ஆற்றல் மாற்றம். கற்றையில் பத்துப் பதினைந்து சதவீத அலைநீளக் கலப்படம் இருந்தாலும் பரவாயில்லை. சல்லடையை நெருக்காமல் ஒவ்வொரு கொட்டையிலும் தனித்தனிக் குறி போட்டுவிட்டது போல. பிரிதிறனுக்கும் செறிவுக்கும் இருந்த பழைய பேரத்தை முழுதாக உடைத்த ஒரே முறை இதுதான் என்பேன். 2006இல் ஸ்டுட்கார்ட் குழு ஈயத்தின் ஃபோனான்கள் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கின்றன என்பதை இதன் வழியில் அளந்தது. ஆனால் இது ஒரு கிளை தனியாகத் தெரியும்போது அதன் அகலத்தை அளக்கவே சிறந்தது. 240 கிளைக் கூட்டத்தில் ஆள் தேட அல்ல.

பெரிய உலை கட்டினால் தீராதா என்று கேட்கலாம். கிரெனோபிள் உலையின் பாய்வு துருவாவைப் போல எட்டு மடங்கு. உதவும்; தீர்க்காது. மேலும் லியூவில் தேற்றம் ஒன்று குறுக்கே நிற்கிறது: கண்ணாடியோ வழிகாட்டிக் குழாயோ எதை வைத்தாலும், இடமும் உந்தமும் சேர்ந்த வெளியில் நியூட்ரான் அடர்த்தியைக் கூட்ட முடியாது, வடிவத்தைத்தான் மாற்றலாம்.

கணக்கின் பக்கம் நடந்ததை இத்துறைக்காரர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு பேசுகிறார்கள். எனக்கு அது புரிவதில்லை. 1969இல் நெதர்லாந்தின் பெட்டனில் ஹ்யூகோ ரீட்வெல்ட், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்த தூள் சிகரங்களைப் பிரிக்கும் முயற்சியை விட்டுவிட்டு, முழு வளைவையும் கணக்கிட்ட வளைவோடு பொருத்தினார். பிரிக்காமலே அமைப்பு கிடைத்தது. இன்று உலகில் தூள் ஆய்வென்றாலே அவர் பெயர்தான். டிராம்பேயில் கே.ஆர். ராவும் எஸ்.எல். சாப்ளாட்டும் நாராயணி சௌத்ரியும் ஃபார்ஸ்டரைட்டில் செய்ததும் இதன் அண்ணன் தம்பி முறைதான். முதலில் அணுக்களுக்கிடையிலான விசைகளுக்கு ஒரு கணித மாதிரியை எழுதினார்கள். 84 கிளைகளையும் கணினியில் கணக்கிட்டார்கள். எந்தப் பிரில்லூவான் மண்டலத்தில், அதாவது உந்த வெளியின் எந்தக் கட்டத்தில், எந்தக் கிளை பலமாகச் சிதறும், எது சமச்சீரால் ஊமையாகும் என்று முன்னாலேயே பட்டியலிட்டார்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கிளைகளே பேசும் இடமாகப் பார்த்து நியூட்ரானை அனுப்பினால், ஒன்றரை மில்லி எலக்ட்ரான்வோல்ட் கருவிக்கே போதுமான வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுப்ரதா கோஷ், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஹேஸ்டிங்ஸ், கார்லிஸ், ஆர்கோன் ஆய்வகத்தின் பிரைஸ் ஆகியோரோடு சேர்ந்து 1988இல் வந்த அந்தக் கட்டுரை, அளந்த கோடுகளையும் கணக்கிட்ட கோடுகளையும் ஒன்றாகப் போட்டு, அதிலிருந்து வெப்ப ஏற்புத்திறன் வரை கொண்டுபோனது. பத்தாண்டு கழித்து 1998இல் என்ஸ்டடைட்டும் வந்தது.

பிரிதிறனை உயர்த்தும் வழிகளில் மலிவானதும் நம் நிலைமைக்குப் பொருந்துவதும் இதுவே என்பது என் எண்ணம். கருவி கூர்மையாவதற்குக் காத்திருக்காமல் கேள்வியைக் கூர்மையாக்குவது. எங்கே பார்த்தால் கூட்டம் குறைவு என்று தெரிந்தவனுக்கு மொண்ணைக் கருவியும் உழைக்கும்.

கற்றையில் வைக்கும் படிக மாதிரியைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாதிக்கதை. ஹைட்ரஜன் நியூட்ரானைத் திசையின்றிச் சிதறடிக்கும்; அதன் ஒத்திசையாச் சிதறல் 80 பார்ன், டியூட்டீரியத்துக்கு வெறும் 2. பேக்ரவுண்ட் குறைந்தால் மறைந்திருந்த சிகரம் எழும். ஆகவே நீரேறிய படிகங்களைக் கனநீரில் வளர்ப்பார்கள். தூத்துக்குடியில் 1978இல் வந்த கனநீர் ஆலையின் சரக்கு அணுமின் உலைகளுக்காகத்தான் போனது என்றாலும், கனநீர் கிடைக்கும் நாட்டில் இந்த வேலை எளிது. பிறகு படிகத்தின் அளவு. எக்ஸ் கதிருக்கு மணல் பருக்கை போதும். ஃபோனான் அளக்க கன சென்டிமீட்டர் கணக்கில் வேண்டும், அதுவும் உள்ளே பிளவின்றி. அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையத்தின் பி. ராமசாமியும் சங்கரநாராயணனும் 2005இல் வெளியிட்ட ஒருதிசை வளர்ப்பு முறை, கரைசலிலிருந்தே நீண்ட ஒற்றைப் படிகங்களை வேண்டிய திசையில் எடுக்க உதவியது. நியூட்ரான் கற்றை தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் உண்டு. 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி, யுரேனியம்-233இல் ஓடும் 30 கிலோவாட் உலை. ஊடுருவிப் படம் எடுக்க அது போதும், ஃபோனான் அளக்கப் போதாது. ஆகவே சேலத்திலோ சென்னையிலோ வளர்ந்த படிகம் மும்பை ரயிலில் ஏறுகிறது.

வாழவந்திக் கல்லுக்குள் இருக்கும் ஹைப்பர்ஸ்தீனை இவற்றில் மிகச் சிறந்த கருவியில் வைத்தாலும் ஒரு முட்டு உண்டு. என்ஸ்டடைட்டில் எல்லா இருக்கையிலும் மக்னீசியம். இயற்கை ஹைப்பர்ஸ்தீனில் இரும்பும் மக்னீசியமும் கலந்து, எம்1, எம்2 என்ற இரண்டு வகை இருக்கைகளில் அங்கங்கே அமர்ந்திருக்கின்றன. பக்கத்துக் கூட்டில் யார் என்பது நிச்சயமில்லை. இரும்பு மக்னீசியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். அதனால் ஃபோனான் கோடுகளே அகன்றுவிடுகின்றன. அந்த அகலம் கருவியின் குறை அல்ல, கல்லின் குணம். எந்தக் காலிமேட்டராலும் அதைக் குறைக்க இயலாது. அதே கலைசலைத்தான் சுப்ரதா கோஷ் 1965இல் வேறு பக்கத்திலிருந்து அணுகியிருந்தார். இரும்பு எம்2 இருக்கையை விரும்புகிறது. கல் மெதுவாக ஆறினால் அந்த விருப்பம் அதிகம் நிறைவேறும். சட்டென ஆறினால் கலைந்தபடியே உறைந்துவிடும். இரண்டு இருக்கைகளிலும் எத்தனை இரும்பு என்று எண்ணினால், சேர்வராயன் மலை பூமிக்கு அடியிலிருந்து எந்த வேகத்தில் குளிர்ந்து மேலே வந்தது என்ற கேள்விக்கு ஒரு பிடி கிடைக்கும்.